செவலைக்கு மூன்று நூல்

அத்தியாயம் 11

பதினாலாவது ஊசியோடு அந்த வீட்டுச் சண்டை ஓய்ந்துவிடும் என்று வில்லியனூர் கொம்யூனில் யாராவது நினைத்திருந்தால், அவர்கள் செலின் மேரியோடு பழகாதவர்கள்.

நடந்தது இதுதான். ஜூன் மாதத்தில் ஒரு நாள், மதில் தாண்டித் தலைநீட்டிய முருங்கைக் கிளைக்காக, கணவனின் அண்ணனான மூத்தார் மரியசுந்தரம் அவள் வாசலில் வந்து நின்று கத்தினார். பேச்சு முற்றி அவளை அடிக்கக் கை ஓங்கினார். ஓங்கிய கை இறங்குவதற்குள் சொல்தா அவர் கெண்டைக்காலைக் கவ்விவிட்டது. சொல்தா அவள் வளர்த்த செவலை நாய். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய அவள் அப்பா, சிப்பாய் என்ற தன் பழைய உத்தியோகத்தின் பிரெஞ்சுப் பெயரையே குட்டிக்கு வைத்துக் கொடுத்திருந்தார்.

கடித்த நாலாம் நாள் சொல்தா வாயில் நுரை தள்ளி மதிலோரம் செத்துக்கிடந்தது. "வெறி நாய்!" என்று மரியசுந்தரம் ஊரைக் கூட்டினார். ஆஸ்பத்திரியில் அவருக்குத் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி போட்டார்கள். செலினின் ஒன்பது வயது மகள் ரெஜினாவின் முழங்கால் புண்ணை அந்த நாய் நக்கியிருந்தது. அதனால் அவளுக்கும் பதினாலு.

செலின் மட்டும் செத்த நாயின் வாயைத் திறந்து பார்த்தாள். பல்லிடுக்கில் சோற்றுப் பருக்கைகள் இருந்தன. பருக்கையில் பயிருக்கு அடிக்கும் மருந்தின் நெடி. நீலம் பாய்ந்த ஒரு பச்சை. அந்த மருந்து மூத்தார் வீட்டு மாட்டுக் கொட்டகையில் இருப்பது அவளுக்குத் தெரியும். வாய் வலிக்கச் சொன்னாள். நாய்ப் பாசம் அவளைப் பேசவைக்கிறது என்று சிரித்துவிட்டுப் போனார்கள்.

ஊசி முடிந்த பிறகும் ஊர் விடவில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் ரெஜினாவைப் பார்த்துக் குரைத்தார்கள். ஆரோக்கியநாதர் திருவிழாவன்று புதுநன்மை என்கிற முதல் நற்கருணை வாங்கப்போகும் பிள்ளைகளின் வரிசையிலிருந்து அவளை எடுத்துவிட்டார்கள். மற்றத் தாய்மார்கள் பயப்படுகிறார்களாம். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று உபதேசியார் அமிர்தசாமி வந்து, கொடுத்த காபியையும் குடித்துவிட்டுச் சொல்லிப் போனார்.

சொல்தா வெறிபிடித்துச் சாகவில்லை, மருந்து வைத்துக் கொல்லப்பட்டது. அது கொன்றவர் வாயிலிருந்தே வந்தால்தான் ரெஜினா அந்த வரிசையில் நிற்க முடியும். செலினுக்கு அது மட்டும் போதாது. கோயில் வாசலில், ஊரே பார்க்க, அந்த மனிதரின் முகம் கறுத்துப்போக வேண்டும். அதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும்.

அதற்கு ஒரு வழியும் வாய்த்திருந்தது. இந்த வருஷம் திருவிழாக் கொடி அவர்கள் குடும்பத்து உபயம். அண்ணனும் தம்பியும் வீட்டை மதில் வைத்துப் பிரித்துக்கொண்டார்கள், உபயத்தைப் பிரிக்க முடியவில்லை. துணி மூத்தார் வாங்கித் தந்தார். தையல் செலினுடையது. கன்னியர் மடத்தில் ஏழு வருஷம் பூத்தையல் போட்டவள் ஊரில் வேறு யாரும் இல்லை.

கொடியேற்றத்தன்று விடிந்ததும் பின்கட்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். வெள்ளை சாட்டின் துணியில் ஆரோக்கியநாதர் முழுசாக வந்துவிட்டார். மேலங்கி, கைத்தடி, தொடைப் புண் எல்லாம் மூன்று வாரத்து வேலை. காலடியில் அவருடைய நாய். அதற்கும் உடம்பு முடிந்து, முகம்தான் பாக்கி.

மாதிரிக்குப் பங்குச் சாமியார் கொடுத்த படத்தில் நாய் வெள்ளை. கிழிந்துபோன பழைய கொடியிலும் வெள்ளைதான். வெள்ளை நாய்க்கு ஒரு கண்டு நூலும், நிழல் காட்டக் கொஞ்சம் சாம்பல் நிறமும் போதும். இரண்டு நாளில் எழுந்துவிடலாம். செலின் வெள்ளை நூலைத் தொடவே இல்லை.

செவலை என்பது ஒரே நிறம் இல்லை என்பது நூலைத் தேடும்போதுதான் தெரிந்தது. செங்கல் நிறத்தைத் தனியாகப் போட்டுப் பார்த்தாள். கோயில் சுவருக்குக் காவி அடித்ததுபோல் இருந்தது. பிரித்துவிட்டாள். வறுத்த வெந்தயத்தின் நிறத்தில் இன்னொரு நூல் வாங்கி, இரண்டையும் இழை இழையாகப் பிரித்து, செங்கல் இரண்டு, வெந்தயம் ஒன்று என்று ஒரே ஊசியில் கோத்தாள். சொல்தாவின் முதுகு வந்துவிட்டது. விலாவுக்கு அதையே மாற்றி, வெந்தயம் இரண்டு, செங்கல் ஒன்று. வயிற்றுக்குப் பனங்கற்கண்டு நிறம். இந்த மூன்று நூலையும் புதுச்சேரிக் கடைத்தெருவில் தேடினாள், மகளை ஊசிக்குக் கூட்டிப்போன நாட்களிலேயே. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழும் பிள்ளையை ஒரு கையில் பிடித்து, மறு கையால் நூல்களை வெளிச்சத்தில் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். கடைக்காரன் அவளை ஒரு மாதிரியாகத்தான் பார்த்தான்.

தையலிலும் அவள் சமாதானமாகவில்லை. நாயின் முடிக்கு நீளமும் குட்டையுமாக மாற்றி மாற்றிப் போடுகிற தையல்தான் சரி. வாலில் ஆரம்பித்து முன்னுக்கு வந்தாள். அப்படி வந்தால்தான் முன்வரிசை முடி பின்வரிசையின் மேல் படுக்கும். கழுத்தில் முடி சுழித்திருந்த இடத்தில் ஊசியையும் சுழற்றினாள். கொடிக்கு முதுகுப்பக்கம் கிடையாது, காற்றடித்தால் இரண்டு பக்கமும் முகம்தான். அதனால் நூல் முனைகளையெல்லாம் வெளியே தெரியாமல் தையலுக்குள்ளேயே செருகிக்கொண்டு வந்தாள்.

ராத்திரி ஷிப்ட் முடிந்து மில்லிலிருந்து வந்த அவள் கணவன் இக்னேஷியஸ், கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தவன் அப்படியே நின்றுவிட்டான். அண்ணன் இருமினாலே எழுந்து நிற்கிற சாது அவன்.

"இன்னாடி இது? நம்ம சொல்தா!"

"ஆரோக்கியநாதர் நாய்."

"சாமி நாய் வெள்ளைடி. ஊருக்கே தெரியும்."

"ஊர்ல யாரு அதை நேர்ல பார்த்தாங்க? படம் போட்டவன் வெள்ளையா போட்டான். நான் செவலையா போடறன்."

"அண்ணன்தான் கொடியை விரிச்சு மொதல் முத்தம் குடுக்கணும். அதுக்குத்தான இந்த வேலை?"

"அதுக்கேதான்."

இக்னேஷியஸ் தலையைச் சொறிந்தான். "ஒண்ணு கேக்கறன், கோச்சிக்காத. அவரு மருந்து வச்சிருந்தா, எதுக்குப் பதினாலு ஊசியையும் போட்டுக்கிட்டாரு? பத்தாவது ஊசிக்கு மேல குனிய முடியாம கெடந்தாரே."

"வேஷம். ஊசி வாணாம்னு சொன்னா ஏன்னு கேப்பாங்க இல்ல?"

"இம்மாம் பெரிய வேஷமா?"

"எம் பொண்ணு வயித்துல ஏறுனது வேஷம் இல்ல. போய்ப் படுங்க."

அவன் போனதும் வாயைத் தொடங்கினாள். படத்தில் நாயின் வாயில் ரொட்டி. காட்டில் நோயோடு கிடந்த அர்ச்சியசிஷ்டரான ஆரோக்கியநாதருக்கு நாய் ரொட்டி கொண்டுவந்து கொடுத்த கதை எல்லோருக்கும் தெரியும். ரொட்டி என்றால் வழவழப்பாக நிரப்பும் தையல் போதும். செலின் ஊசியில் நூலை இரண்டு சுற்றுச் சுற்றி இழுத்து முடிச்சு முடிச்சாகப் போட்டாள். ஒரு முடிச்சு ஒரு பருக்கை. முடிச்சு ஒரு பக்கம்தான் எழும் என்பதால் துணியைத் திருப்பி மறுபக்கமும் அத்தனையும் போட்டாள். ரொட்டி சோற்று உருண்டையாகிவிட்டது. கடைசியில் நீலம் பாய்ந்த பச்சை நூலை எடுத்து, வெள்ளைப் பருக்கைகளுக்கு நடுவே ஐந்து முடிச்சு.

ஊருக்கு அது புரியவேண்டியதில்லை. வைத்தவருக்குப் புரிந்தால் போதும்.

கண்ணைக் கடைசியில் வைத்தாள். தேன் நிறம், நடுவில் கறுப்பு, கறுப்பில் ஒற்றை இழையில் ஒரு வெள்ளைப் புள்ளி. அந்தப் புள்ளியை எங்கே வைக்கிறோமோ அங்கேதான் பார்வை போகும். படத்தில் நாய் அர்ச்சியசிஷ்டரைப் பார்த்துக்கொண்டிருந்தது. செலினுடைய நாய் முத்தம் கொடுக்கக் குனிகிறவரை நேராகப் பார்த்தது. நூலைக் கடித்து அறுத்தபோது அவளுக்கு ஆசை தீர்ந்தமாதிரி இருந்தது.

பத்து மணிக்கு லூசி வந்தாள். மரியசுந்தரத்தின் மனைவி, செலினுக்கு ஓரகத்தி. எந்த வெயிலிலும் முழங்கைக்குக் கீழே இறங்கும் ரவிக்கைதான் போடுவாள். அது எதை மறைக்கிறது என்பது மதிலுக்கு இந்தப் பக்கம் இருக்கிற செலினுக்குத் தெரியும். ராத்திரியில் அடி விழும் சத்தம் கேட்டுத்தானே இவள் தூங்குகிறாள். லூசி ஊரில் யாரிடமும் குரல் உயர்த்திப் பேசியதில்லை.

"தாம்பாளத்துக்குப் பட்டுத்துணி குடுத்து அனுப்பினாரு. கொடி ஆச்சான்னு பார்த்துட்டு வரச் சொன்..."

சொல்லி முடிக்கவில்லை. குனிந்து பார்த்தாள். "சொல்தா" என்று உதடு மட்டும் அசைந்தது. பிறகு இன்னும் கிட்டப் போனாள்.

"இது ரொட்டியா, செலினு?"

"பாத்தா எப்பிடித் தெரியுது?"

லூசியின் விரல் பச்சை முடிச்சுவரை போய், சுட்டதுபோல் திரும்பியது. "இந்தப் பச்சை..."

"அதும் வாயில நான் பார்த்த பச்சை. வேற யாரு பார்த்தாங்கன்னு சாயங்காலம் தெரிஞ்சிடும்."

லூசி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அவுத்துடு செலினு. நாய் இருக்கட்டும். இந்த அஞ்சு முடிச்ச மட்டும் அவுத்துடு."

செலினுக்கு உள்ளுக்குள் குதிக்க வேண்டும்போல் இருந்தது. அப்படியானால் இவளுக்குத் தெரியும்!

"அக்கா, ஓங்களுக்குத் தெரிஞ்சுதான் இருக்குது. மாமாதான் வச்சாருன்னு சாமியார்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. ரெஜினா வரிசையில நிப்பா. நானே இந்த முடிச்ச அவுத்துப் போட்டுடறன்."

"அவரு வைக்கல."

"அவரு கையால வாங்குனது பத்தலையா ஓங்களுக்கு? இன்னுமா காப்பாத்துறீங்க?"

"அவரு வைக்கல, செலினு."

"அப்ப போங்க. அஞ்சு முடிச்சும் அங்கியேதான் இருக்கும்."

சொன்னது கொடூரம் என்று செலினுக்குத் தெரிந்தது. வருத்தம் வரவில்லை. லூசி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனாள்.

போனவள் புருஷனிடம் சொல்லிவிடுவாள் என்று செலின் நாளெல்லாம் பயந்தாள். கொடியைப் பிடுங்கிக்கொண்டு, பழையதையே ஏற்றிவிட்டால் மூன்று வாரமும் வீண். ஆனால் நாலரை மணிக்குச் சரிகை வேட்டியில் வந்த மரியசுந்தரம், பட்டுத்துணி போர்த்திய தாம்பாளத்தை வாங்கிக்கொண்டு, "நல்லா வந்திருக்குதா?" என்று மட்டும் கேட்டார். லூசி சொல்லவில்லை. ஏன் என்று யோசிக்க செலினுக்கு நேரமில்லை.

கொடி நாலு தெருவும் போர்த்தியபடியேதான் போகும். கோயில் வாசலுக்கு வந்து சாமியார் தீர்த்தம் தெளித்த பிறகே திறக்க வேண்டும். உபயகாரர் விரித்து முதல் முத்தம் கொடுப்பார். அப்புறம் அவர் குடும்பம் ஒவ்வொருவராக வந்து முத்தம் கொடுக்கும். எல்லாம் முடிந்துதான் கயிற்றில் கட்டுவார்கள். அதற்குள் மாற்றவோ மறைக்கவோ வழியே கிடையாது. செலின் அதைத்தான் நம்பியிருந்தாள்.

மரியசுந்தரம் விரித்தார். ஆடிக் காற்று துணியைப் பிடித்து இழுத்தது.

"ஐ, சொல்தா!" என்று ஒரு பிள்ளை கத்திற்று. மேளம் அடிப்பவன்கூட எட்டிப்பார்த்தான். பெண்கள் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

செலின் மூத்தாரின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவர் நாயைப் பார்த்தார். சோற்று உருண்டையையும் பார்த்தார். ஒரு நிமிஷம் புருவம் நெறிந்தது. பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

"எங்க வூட்டு நாய்தான! எனக்கு ஒரு கடியும் குடுத்து, பதினாலு ஊசியும் குடுத்துது. போவுது, சாமி காலடியில கெடக்கட்டும்" என்று சொல்லி, நாயின் நெற்றியிலேயே முத்தம் கொடுத்தார்.

கூட்டம் சிரித்தது. "பெரிய மனசுய்யா" என்றார் ஒருவர். பச்சை முடிச்சு அவர் மூக்குக்கு நேராக இருந்தது. அவர் அசையவே இல்லை.

என்ன நெஞ்சழுத்தம்! செலினுக்குக் காது அடைத்துக்கொண்டது. மூன்று வாரம் கண் எரியத் தைத்ததெல்லாம் அந்த மனிதருக்கே நல்ல பெயர் வாங்கித் தந்துவிட்டது. அதோடு போகவில்லை. "வெறி நாயைக் கொண்டாந்து சாமி கொடியில வச்சிருக்கிறாளே, ஆவுமா இது?" என்று பின்னால் ஒருத்தி ஆரம்பித்தாள். உபதேசியார் சாமியாரின் காதில் ஏதோ சொன்னார். ரெஜினா அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்து நின்றாள்.

அடுத்த முத்தம் லூசியினுடையது.

அவள் வந்தாள். குனிந்தாள். துணிக்கு ஒரு சாண் தூரத்தில் முகம் நின்றுவிட்டது.

"வெறி இல்ல" என்றாள்.

யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். அவள் குரல் அத்தனை பெரிதாக இருக்கும் என்று ஊருக்கு அன்றுதான் தெரிந்தது.

"இந்த நாய்க்கு வெறி இல்ல, சாமி! மருந்து போட்டுப் பிசைஞ்ச சோத்தத் தின்னு செத்துது. நான்தான் பிசைஞ்சன். அவருக்கு ஒண்ணும் தெரியாது."

மேளம் நின்றது. சாமியார் கிட்ட வந்தார். "நல்லா யோசிச்சுச் சொல்லும்மா. உன் கையாலயா?"

"எங்கையால."

ரெஜினாவிடம் போய் முட்டி போட்டு, அந்தப் பிள்ளையின் இரண்டு பாதத்தையும் தொட்டாள். "ஒனக்குப் பதினாலு ஊசி போட வச்ச பாவி நான்தாண்டி கண்ணு."

"பெரிம்மா, எழுந்திருங்க பெரிம்மா" என்று ரெஜினா அழ ஆரம்பித்துவிட்டாள்.

சாமியார் உபதேசியாரைத் திரும்பிப் பார்த்தார். "அந்தப் பிள்ளை நாளைக்கே வகுப்புக்கு வரணும். திருவிழாவன்னிக்கி முதல் ஆளா அவ நிக்கணும்." அமிர்தசாமி வேகமாகத் தலையாட்டினார். குறை சொன்ன பெண்கள் எங்கெங்கோ பார்த்தார்கள்.

கேட்டது கிடைத்துவிட்டது. செலினுக்கு வயிறு குளிர்ந்திருக்க வேண்டும். குளிரவில்லை. அவள் பார்க்க ஆசைப்பட்டபடியே மூத்தாரின் முகம் இப்போது கறுத்திருந்தது. ஆனால் அது லூசியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"வூட்டுக்கு வா" என்றார், மெதுவாக.

அந்த மெதுவான குரலுக்குப் பிறகு மதில் வழியாக என்ன கேட்கும் என்பது செலினுக்கு மனப்பாடம். மருந்தை வைத்தது இவர், பழியைச் சுமப்பது பொண்டாட்டியா? முந்தானைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, அதற்கும் மேலே அவளையே அடிக்கப்போகிறாரா? செலின் குறுக்கே போய் நின்றாள்.

"அக்கா எங்க வூட்டுக்கு வருது."

"யாரைக் கேட்டு?"

"யாரையும் கேக்கல."

அவர் ஓர் அடி முன்னால் வைத்தார். அப்போது ஊர் அதுவரை பார்க்காத ஒன்று நடந்தது. இக்னேஷியஸ் வந்து பெண்டாட்டி பக்கத்தில் நின்றான். நகரவில்லை. சாமியார் முன்னால் தம்பியைத் தள்ள முடியாமல் மரியசுந்தரம் கயிற்றைப் பிடிக்கப் போனார். கொடி ஏறிற்று. காற்றில் அது எந்தப் பக்கம் புரண்டாலும் செவலை நாய் தெரிந்தது.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு லூசி செலினின் அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். வைத்த காபி ஆடை கட்டிவிட்டது. பின்கட்டில் ரெஜினா அப்பாவிடம் புதுநன்மைக்கு வெள்ளை கவுன் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கி அவரே அடுப்பு மூட்டட்டும்" என்றாள் செலின். சொல்லும்போது நாக்கு இனித்தது. "இந்தக் கையால இனிமே அவருக்கு ஒரு வாய்த் தண்ணி போவக் கூடாது. ஏன்க்கா அந்தப் பழிய ஏத்துக்கிட்டீங்க? அவரு மாட்டியிருக்கணும்."

"ஏத்துக்கல. நான் சொன்னது அத்தனையும் நெசம்."

"சொல்தா ஓங்களை இன்னா பண்ணுச்சு?"

"ஒண்ணும் பண்ணல. நல்ல நாய்." லூசி அடுப்பையே பார்த்துக்கொண்டு பேசினாள். "மதில் ஏறிக் குதிச்சு வந்துது. மூடி வச்ச தட்டத் தள்ளிவுட்டுத் தின்னுச்சு. வெரட்டணும்னு நெனக்கிறன், வாய் வரல. பாத்துக்கினே நின்னன்."

செலினுக்குப் புரிய ஒரு மூச்சு விடும் நேரம் ஆனது. முத்தம் கொடுத்தபோது அசையாத அந்த முகம், போட்டுக்கொண்ட பதினாலு ஊசி, எல்லாம் இப்போதுதான் ஒன்றாகச் சேர்ந்தன. அந்த மனிதருக்கு நிஜமாகவே ஒன்றும் தெரியாது. இன்றைக்கும் தெரியாது.

"அக்கா, அப்ப அந்தச் சோறு..."

"நாய்க்குப் பிசைஞ்சது இல்ல. அவரு வயல்லேந்து வர்ற நேரம். அவருக்கு எடுத்து வச்ச தட்டு."

மதிலுக்கு அந்தப் பக்கம் கதவு தடாலென்று திறந்தது.

"லூசி! எம்மா நேரமா கத்தறது? பசிக்குது. வந்து சோறு போடு!"

லூசி முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள். வாசற்படியில் நின்ற செலினை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தாள்.

செலின் வழியை விட்டு விலகி நின்றாள்.